சுவர் வெடித்தது எந்த லயத்தில்

ஓர் ஆங்கில வசனத்தில் மூன்று சொற்களை இருக்கவேண்டிய இடத்தில் வைக்காமல் கடைசியில் வைத்துவிட்டேன். எழுத்துப்பிழை இல்லை, காலப் பிழை இல்லை. வாசித்த யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதை எழுதியவள் ஆங்கில ஆசிரியை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாதது.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் பதினொரு வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். பிறந்ததும் அதே தோட்டத்தில்தான். கலியாணமான பிறகு லுணுகலையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். காலை பஸ்ஸில் ஏறினால் மலையைச் சுற்றிச் சுற்றிப் போய்ப் பாடசாலை வாசலில் இறங்கலாம். அங்கிருந்து பார்த்தால் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இரண்டு லயங்களும் தெரியும். மேல் லயம் பாறைத் திட்டின் மேல், கோயிலுக்குப் பக்கத்தில், ரோட்டோரமாக இருக்கிறது. கீழ் லயத்துக்கு அங்கிருந்து படியிறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். மலையை வெட்டி எடுத்த இடத்தில் கட்டியது அது. பின்சுவருக்கும் மண்மேட்டுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கும் அளவுக்குத்தான் இடம். நான் பிறந்தது கீழ் லயத்து நான்காவது வீட்டில், எங்கள் பேச்சில் காம்பராவில். அக்கா இன்னும் அங்கேதான் இருந்தாள்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கொழுந்து எடுப்பவள். அவளுடைய கணவர் கொழும்பில் கட்டட வேலை, மாதம் ஒருமுறை வருவார். ஒரே மகள் ஆடைத் தொழிற்சாலை வேலைக்கு வெளியூர் போய்விட்டாள். அதனால் பெரும்பாலான நாட்கள் அக்கா தனியாகத்தான் இருந்தாள். பின்னேரம் வேலை விட்டு வந்ததும் எனக்குத் தொலைபேசியில் பேசுவாள்.

ஒருநாள் பேசும்போது சொன்னாள்: "பாப்பா, அடுப்படிச் சுவத்துல கை போகுது."

நான் முதலில் விளங்கிக்கொள்ளவில்லை. சுவரில் வெடிப்பு இருப்பது தெரியும். முந்தின மழைக்கு ஒரு கோடு மாதிரி விழுந்ததைச் சீமெந்து வைத்து அடைத்திருந்தாள். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது பார்த்தால் அதே இடத்தில் மறுபடியும் திறந்திருந்ததாம். அப்போது விரல் போகிற அளவு. இப்போது உள்ளங்கையே போகிறது என்றாள். பக்கத்துக் காம்பராவில் கதவு சாத்த வரவில்லை. கடைசிக் காம்பராவில் தரை ஒரு பக்கமாக இறங்கி, வைத்த குடம் சாய்கிறது.

தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் தோட்ட ஆபிசுக்கு மூன்று தடவை போய்ச் சொல்லியிருக்கிறார். தோட்ட மேலாளரான பெரிய தொரை புதிதாக மாற்றலாகி வந்தவர். வாயால் சொன்னால் கொழும்புக்கு அனுப்ப முடியாது, எழுத்தில் கொடுங்கள், இங்கிலீசில் இருந்தால் சீக்கிரம் போகும் என்றாராம். அவர் சொன்னது நியாயம்தான். கொழும்பிலுள்ள கம்பெனி ஆபிசில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது.

"டீச்சர் இருக்கையில நமக்கென்ன?" என்று லயத்தில் பேசிக்கொண்டார்களாம். அக்கா அதைச் சொன்ன குரலில் பெருமை இருந்தது. எனக்கும் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அக்கா வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். பன்னிரண்டு குடும்பமும் வந்துவிட்டது. ஒவ்வொருவரும் தங்கள் சுவரைப் பற்றிச் சொன்னார்கள். நான் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டேன். அந்தக் கூட்டத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மேல் லயத்துக்கு முந்தின வருடம்தான் புதுக் கூரைத் தகடு போட்டுக் கொடுத்திருந்தார்கள். ரோட்டுக்குப் பக்கம் என்பதால் புது வீடு வந்தாலும் முதலில் அவர்களுக்குத்தான் வரும் என்று ஊரெல்லாம் பேச்சு. கீழ் லயத்தாருக்கு அந்த ஆதங்கம்.

கடைசிக் காம்பராக்காரர், தேயிலைக்கு மருந்தடிக்கிற வேலை செய்பவர், எல்லாரும் பேசி முடித்த பிறகு சொன்னார்: "மேல் லயத்தக் காட்டியும் சுவரு வெடிச்ச கீழ் லயந்தாங்க ஆபத்து. அத மட்டும் நல்லா அழுத்திப் போடுங்க டீச்சர்."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன். கேட்டால் யாருக்கும் விளங்கும் தமிழ். வெடித்தது எந்தச் சுவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

வீட்டுக்கு வந்து ஆங்கிலத்தில் எழுதினேன். முதலில் எழுதியது சின்னச் சின்ன வசனங்களாக இருந்தது. கீழ் லயத்தின் சுவர்கள் வெடித்துள்ளன. பின்னால் மண் இறங்குகிறது. மேல் லயம் பாறைமேல் இருக்கிறது. அது பாதுகாப்பானது. எழுதி முடித்து வாசித்தபோது ஆறாம் வகுப்புப் பிள்ளை எழுதியது போலிருந்தது. கொழும்பில் இதை வாசிப்பவர் என்ன நினைப்பார்? தோட்டத்தில் இவ்வளவுதான் ஆங்கிலம் என்று நினைப்பார். படித்த ஒருத்தி எழுதியிருக்கிறாள் என்று தெரிந்தால்தானே மதிப்பார்கள்? நாலு வசனத்தையும் கிழித்து ஒன்றாகச் சேர்த்தேன். மருந்தடிப்பவர் சொன்ன அந்த ஒப்பீட்டையே மையமாக வைத்தேன்.

'த லோவர் லைன் இஸ் மோர் டேஞ்சரஸ் தேன் தி அப்பர் லைன் வித் கிரேக்ட் வோல்ஸ்.'

தமிழில் ஒப்பிடப்படுவது முன்னால் வருகிறது. 'மேல் லயத்தைக் காட்டியும்' என்று தொடங்கி, அதற்குப் பிறகு 'சுவரு வெடிச்ச கீழ் லயம்' வருகிறது. வெடிப்பு கீழ் லயத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நான் அதை ஆங்கிலத்துக்குத் திருப்பும்போது கீழ் லயத்தை முன்னால் கொண்டுபோனேன், மேல் லயத்தைப் பின்னால் கொண்டுவந்தேன். வெடித்த சுவரைக் கீழ் லயத்தோடு கூட்டிப் போக மறந்துவிட்டேன். அது கடைசியில் தனியாக நின்று, பக்கத்தில் இருந்த மேல் லயத்தைப் பிடித்துக்கொண்டது. ஆங்கிலத்தில் வாசித்தால் இப்படித்தான் பொருள் வரும்: சுவர் வெடித்த மேல் லயத்தைவிடக் கீழ் லயம் ஆபத்தானது. அதாவது வெடிப்பு மேலே இருக்கிறது.

கடிதத்தில் வெடிப்பைப் பற்றி இருந்த வசனம் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் எத்தனை குடும்பம், எத்தனை பிள்ளைகள், தயவுடன் கவனிக்கவும் என்பதுதான். அதிபரிடம் காட்டினேன். "அருமையா இருக்கு டீச்சர்," என்றார். லுணுகலையில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் முதலாளி அதைக் கணினியில் அடித்துக் கொடுத்தார். அக்கா போனில் எடுத்து அனுப்பிய சுவர்ப் படங்களையும் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தோம். வெடிப்பு இருந்த இடமெல்லாம் ஒரே கறுப்பாக விழுந்தது.

"மை குறைச்சலா இருக்கு டீச்சர், நாளைக்கு வந்தா திரும்ப அடிச்சுத் தாறேன்," என்றார் அவர்.

"பரவாயில்ல நானா, கடிதத்துல விளக்கமா இருக்கு," என்றேன்.

அதே வாரம் பத்தாம் வகுப்பில் ஒப்பீட்டு வசனங்கள் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளை தன் கொப்பியில் எழுதியிருந்தாள்: என் அண்ணனைப் போலில்லாமல், அட்டைகள் என்னை எப்போதும் கடிக்கின்றன. அவள் சொல்ல வந்தது, அண்ணனை அட்டை கடிப்பதில்லை, என்னைத்தான் கடிக்கிறது என்பது. ஆங்கிலத்தில் அவள் எழுதிய விதத்தில் அண்ணனையும் அட்டையையும் ஒப்பிட்டதாக ஆகிவிட்டது. அட்டை கடிக்கும், அண்ணன் கடிக்கமாட்டார். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். எதை எதோடு ஒப்பிடுகிறோமோ அவை இரண்டும் சரியாக எதிரெதிரே நிற்க வேண்டும், எந்தப் பொருளை வர்ணிக்கிறோமோ அதற்குப் பக்கத்திலேயே வர்ணனை இருக்க வேண்டும் என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அன்றைக்குக் கடிதம் கொழும்புக்குத் தபாலில் போய்க்கொண்டிருந்தது.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. காலைக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போகும்போது அதிபர் உறையைக் கையில் தந்தார். வாசலிலேயே நின்று பிரித்தேன். தங்கள் கடிதத்தில் குறிப்பிட்டபடி, சுவர் வெடித்துள்ளதாகக் கூறப்படும் மேல் லயம் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரால் பார்வையிடப்பட்டது. வெடிப்புகள் எவையும் காணப்படவில்லை. ஆகவே அதனோடு ஒப்பிட்டுச் செய்யப்பட்ட கோரிக்கையை இப்போதைக்கு மேற்கொண்டு கவனிக்க முடியாது.

முதல் தடவை வாசித்ததும் கோபம் வந்தது. படிக்கத் தெரியாதவர்கள் என்று நினைத்தேன். வகுப்பில் இருந்த என் பைலைத் தேடி எடுத்து என் கடிதத்தின் பிரதியை வைத்துப் பார்த்தேன். இரண்டாம் தடவையும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. மனதில் இருக்கும் பொருளைத்தானே கண் வாசிக்கிறது. மூன்றாம் தடவை சொல் சொல்லாக விரல் வைத்து வாசித்தேன். அப்போதுதான் தெரிந்தது. பக்கத்து வகுப்பில் பிள்ளைகள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். போய் அதட்டவும் முடியாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த உத்தியோகத்தர் எப்போது வந்தார் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு வந்திருக்கிறார். பெரிய தொரை அன்றைக்குப் பதுளைக்குப் போயிருந்தார். கீழ் லயத்தில் இருந்தவர்கள் எல்லாம் காலைப் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலையில் வேலையில் நின்றார்கள். ஆபிசில் அவர் அப்பர் லைன் எங்கே என்று கேட்டிருக்கிறார். கேட்டதைக் காட்டினார்கள். மேல் லயத்தார் கூரைத் தகட்டைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்துத் தேத்தண்ணி கொடுத்து, எல்லாம் நன்றாக இருக்கிறது ஐயா என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. யாருமே பொய் சொல்லவில்லை.

அடுத்த நாளே லீவு போட்டு ஆபிசுக்குப் போனேன். பெரிய தொரை உட்காரச் சொன்னார். சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார். நான் இரண்டு கடிதங்களையும் மேசையில் வைத்து விளக்கினேன். அவர் என் வசனத்தை மெதுவாக வாசித்தார்.

"டீச்சர், இதில சரியா எழுதியிருக்கே. அப்பர் லைன் வித் கிரேக்ட் வோல்ஸ்."

"அதுதாங்க பிழை. அந்தச் சொல்லு கீழ் லயத்துக்குப் பக்கத்துல வந்திருக்கணும்."

"நீங்க இங்கிலீஷ் டீச்சர்தானே?"

அவர் குத்திக்காட்டிக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். ஆமாங்க என்றேன்.

"நானும் கீழ போய்ப் பார்த்தேன். வெடிப்பு இருக்கு. ஆனா இப்ப நான் மாத்தி எழுதினா ஹெட் ஆபிஸ் என்ன நினைக்கும்? முதல்ல மேல் லைன் சொன்னாங்க, அங்க இல்லைன்னதும் இப்ப கீழ் லைன் சொல்றாங்க. அப்படித்தான் நினைக்கும். நீங்க திரும்ப ஒரு லெட்டர் குடுங்க. நானும் ஒரு நோட் வைக்கிறேன்."

அவர் சொன்னபடி செய்தார். அதைச் சொல்லியாக வேண்டும். நானும் எழுதினேன். இந்தத் தடவை சின்னச் சின்ன வசனங்கள். அனுப்பி மூன்று வாரம் கழித்துக் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினார். மரியாதையானவர். என்ன விஷயம் என்று கேட்டார். பதினொரு வருடம் படிப்பித்த ஆங்கிலம் எனக்கு வாயில் வரவில்லை. மேல் லயத்தைவிட என்று தொடங்கினேன், நிறுத்தினேன், கீழ் லயம் என்று தொடங்கினேன். எது எதைவிட என்று எனக்கே குழம்பியது. அவர் பொறுமையாக, "சோ விச் லைன், மேடம்?" என்று கேட்டார். லோவர், லோவர், லோவர் என்று மூன்று தடவை சொன்னேன். குறித்துக்கொண்டேன் என்றார். அடுத்த சுற்றில் உத்தியோகத்தர் வருவார், மழைக்காலம் தொடங்கப் போவதால் ரோட்டைப் பொறுத்து என்றார்.

அக்காவிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. பதில் வந்ததா என்று கேட்டாள். திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அது பொய்யில்லை. ஆனாலும் பொய்தான். பன்னிரண்டு குடும்பமும் என்னை நம்பிக் காத்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கீழ் லயத்துப் பெண்கள் யாராவது எதிரே வந்தால் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு போவேன்.

ஐப்பசி மழை தொடங்கியது. மடுல்சீமை ரோட்டில் இரண்டு இடத்தில் மண் விழுந்து பஸ் பாதியில் நின்றது. ஆபிசிலிருந்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: மழை பலமானால் கீழ் லயத்தார் பாடசாலைக்குப் போய் இருங்கள். அதிபர் இரண்டு வகுப்பறைகளைத் திறந்துவிட்டார். மழைக்கு வருவார்கள், மழை விட்டதும் போவார்கள். இப்படி ஏழெட்டுத் தடவை வந்து போனார்கள். ஒவ்வொரு தடவையும் துணிமணி, அடுப்புச் சாமான், பாடக் கொப்பி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். ஒன்றும் நடக்காமல் திரும்பிப் போகும்போது அலுப்புத்தான் மிஞ்சும். பிறகு பாதிப்பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

நான் அக்காவை லுணுகலைக்கு வந்து என்னோடு இருக்கச் சொன்னேன்.

"வந்தா வேலைக்கு யாரு போறது? காலையில அஞ்சு மணிக்கு அங்கேருந்து எப்படி வர்றது?" என்றாள்.

"கொஞ்ச நாளைக்குத்தானே."

"நீதான் எழுதிப் போட்டிருக்கியே பாப்பா. வந்து பாப்பாங்கல்ல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் எழுதியது பிழை, யாரும் வரமாட்டார்கள், கிளம்பி வா என்று சொல்லியிருந்தால் ஒருவேளை வந்திருப்பாள். அதைச் சொல்ல வெட்கம் விடவில்லை. வசனப் பிழையைவிட இதுதான் பெரிய பிழை என்று சில நாட்களில் தோன்றுகிறது. சில நாட்களில் அப்படித் தோன்றுவதில்லை.

மார்கழியில் ஒருநாள் மழை விட்டு வெயில் அடித்தது. மூன்று நாள் மழைக்குப் பிறகு வந்த வெயில். எல்லாரும் மலைக்குப் போய்விட்டார்கள். அக்காவுக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள். நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். பதினொரு மணி இருக்கும். லொறி மண்ணைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நீளமான சத்தமும் இல்லை. ஜன்னல் பக்கம் இருந்த பிள்ளைகள் எழும்பி நின்றார்கள். கீழ் லயத்துக்குப் பின்னால் இருந்த மேடு பச்சையாக இருந்த இடத்தில் சிவப்பாகத் தெரிந்தது.

படியில் எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. மூன்று காம்பராக்களின் பின்சுவர் உள்ளே விழுந்திருந்தது. மூன்று, நான்கு, ஐந்து. மலையிலிருந்து ஓடிவந்தவர்கள் எனக்கு முன்னாலேயே கல்லை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே கிடந்தாள். நிலைக்கட்டை அவளைக் காப்பாற்றியிருந்தது. வலது கை மட்டும் சுவருக்கு அடியில். பேசினாள்.

"கஞ்சி வச்சிருந்தேன். எறக்கலாம்னு போனேன்," என்றாள்.

வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. லயத்தில் பெரியவர்கள் யாரும் இருக்கவில்லை, பிள்ளைகள் பாடசாலையிலும், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்திலும் இருந்தார்கள். நல்ல காலம் என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான். பெரிய தொரை தன்னுடைய வாகனத்தையே கொடுத்தார். மண் விழுந்த இடங்களில் இறங்கி ஏறி, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரப் பின்னேரமாகிவிட்டது. வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுக்க வேண்டி வந்தது. பெருவிரல் தப்பியது. கொழுந்து எடுப்பவர்களுக்கு விரல்களில் எது வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நாலாம் நாள் உத்தியோகத்தர் வந்தார். அதே ஆள்தான். நடுத்தர வயது, மழைக்கோட்டு போட்டிருந்தார். நான் பதுளையிலிருந்து அக்காவுக்கு மாற்றுத் துணி எடுக்க வந்திருந்தேன். விழுந்த சுவருக்கு முன்னால் நின்று எழுதிக்கொண்டிருந்தவர் என்னை யார் என்று கேட்டார். சொன்னேன். பையிலிருந்து என் முதல் கடிதத்தின் பிரதியை எடுத்தார். சிங்களமும் தமிழும் கலந்து பேசினார்.

"மிஸ், நான் இதை வச்சுத்தான் வந்தேன். மேல போங்கன்னு இதுலதான் இருக்கு."

"ஆமா சேர். நான்தான் எழுதினேன்."

அவர் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "அன்னைக்கு நான் கீழயும் எட்டிப் பார்த்திருக்கலாம். பத்து நிமிஷம்தானே," என்றார். அவர் மேல் பழி போட்டுவிட்டு நான் தப்பிக்க முடியாது. என் மேல் போட்டுக்கொண்டு அவரைத் தப்பவைக்கவும் முடியாது. பிறகு அவர் அளவு நாடாவை எடுத்தார். நான் அக்காவின் துணி கிடைக்கிறதா என்று உள்ளே பார்க்கப் போனேன்.

ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் அக்காவிடம் சொன்னேன். இனி ஒளிக்க முடியாது. எப்படியும் லயத்தில் தெரிந்துவிடும். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தோடம்பழத்தை உரித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். வசனத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். ஆங்கிலத்தில் சொல் எங்கே போய் நின்றது என்பதையும் சொன்னேன். அவள் எட்டாம் வகுப்புவரை படித்தவள். கவனமாகக் கேட்டாள்.

"அப்ப நாம சொன்னது மேல் லயத்துக்குப் போயிருச்சா?"

"ஆமாக்கா."

"மூணு சொல்லுதானா?"

"மூணு சொல்லுதான்."

தோடம்பழச் சுளையை இடது கையால் வாங்கிக்கொண்டாள். வாயில் போடாமல் வைத்திருந்தாள்.

"சரி விடு. சரியா எழுதியிருந்தா மட்டும் ஒடனே வீடு குடுத்திருப்பாங்களா?"

அவள் என்னை ஆறுதல்படுத்தச் சொன்னாளா, உண்மையிலேயே அப்படி நம்பினாளா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் எனக்கு ஒரே மாதிரி வலித்தது. சரியாக எழுதியிருந்தால் அவர் கீழே வந்திருப்பார். வெடிப்பைப் பார்த்திருப்பார். அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும்? எனக்குத் தெரிந்தவரை, பைல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போயிருக்கும். மழை அதற்காகக் காத்திருந்திருக்காது. இப்படியெல்லாம் நினைத்துப் பார்ப்பேன். இப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதாலேயே இதை நம்ப முடியவில்லை.

கீழ் லயத்தை மூடிவிட்டார்கள். பன்னிரண்டு குடும்பமும் இப்போது கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்துக்குப் பக்கத்தில் தகரத்தால் அடித்துக் கொடுத்த கொட்டில்களில் இருக்கின்றன. புது வீட்டுக்கு இடம் பார்த்திருக்கிறார்கள். ஸ்பிரிங்வெளித் தோட்டப் பக்கம் இதே மாதிரி மண்சரிவில் வீடிழந்தவர்களுக்கு எத்தனையோ வருடமாகியும் வீடு முடியவில்லை என்று தோட்டத் தலைவர் சொல்கிறார். வெயிலில் தகரம் கொதிக்கிறது. மழையில் சத்தம் தாங்க முடிவதில்லை. ஆனாலும் பின்னால் மேடு இல்லை.

மருந்தடிப்பவரை ஒருநாள் லுணுகலைச் சந்தையில் கண்டேன். கீழ் லயத்தார் எல்லாருக்கும் விஷயம் தெரியும். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அவர் மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, "நாந்தாங்க அதை அழுத்திப் போடச் சொன்னேன்," என்றார். அவர் முகத்தில் இருந்ததைப் பார்க்க முடியாமல், உங்கள் மேல் ஒன்றும் இல்லை அண்ணே, நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருந்தது என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அக்காவால் இனிக் கொழுந்து எடுக்க முடியாது. பிள்ளை மடுவத்தில் உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, அந்த வேலையைத் தனக்குத் தரச்சொல்லி எழுதிக் கேட்கலாம் என்றாள். என்னிடமே கேட்டாள். வேறு யாரையாவது எழுதச் சொல்லுவோம் என்றேன்.

"வேற யாரு இருக்கா?" என்றாள்.

எழுதினேன். ஒரு பக்கக் கடிதத்துக்கு நான்கு நாள் எடுத்தது. மற்றவர்களைப் போல அவளால் கொழுந்து எடுக்க முடியாது என்று எழுத வேண்டிய இடத்தில் வந்து நின்றுவிட்டேன். யாரைப் போல, எதைப் போல, அந்தச் சொல் எங்கே ஒட்டும், யார் எப்படி வாசிப்பார்கள் என்று பேனா நகரவில்லை. கடைசியில் ஒப்பீடே இல்லாமல் எழுதினேன். இவருக்கு வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. இவருக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தெரியும். இவ்வளவுதான். அதிபரிடம் காட்டினேன். தமிழ் டீச்சரிடம் காட்டினேன். ஆபிஸ் கிளாக்கரிடம் வாசித்துக் காட்டி, உங்களுக்கு என்ன விளங்குகிறது சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, விளங்கியதைச் சொன்னார். சரியாகத்தான் சொன்னார்.

அதைக் கொடுத்து இரண்டு மாதமாகிறது. பெரிய தொரை பார்க்கிறேன் என்றார். இப்போது அவருக்கும் மாற்றல் வந்துவிட்டது என்கிறார்கள். புதிதாக வருபவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவிடம் போகிறேன். மலைத் தண்ணீர் விழும் பீலியில் துணி துவைக்கிறோம். அவள் இடது கையால் சோப்புப் போடுவாள், நான் அலசுவேன். போர்வையைப் பிழிய ஒரு கை போதாது. அவள் ஒரு முனையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துப் பிடித்துக்கொள்வாள். மறுமுனையை நான் முறுக்குவேன். எவ்வளவு முறுக்கினாலும் முழுதாகத் தண்ணீர் போவதில்லை. அப்படியே கொடியில் போட்டுவிட்டு, காயுமா என்று இரண்டு பேரும் வானத்தைப் பார்ப்போம்.